அம்மா இலையில் முதல் வாய்

கோழி அலறியது.

நிஜக் கோழி இல்லை. முட்டை வேகும் நேரம் பார்க்க, முறுக்கி வைக்கும் பிளாஸ்டிக் கோழி விற்பார்களே, அது. இருபது நிமிடத்துக்கு முறுக்கிவிட்டால் சொல்லி வைத்த மாதிரி இருபதாவது நிமிடம் மேசையே அதிரும்படி கத்தும். தேர்வு நாட்களில் அது என் கைப்பையில் இருக்கும். மாணவர்கள் அதற்கு என் பெயரையே வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொள்வேன்.

மலாக்காவில் ஒரு மருத்துவமனை, வெளிநோயாளிப் பிரிவு, ஒரு வெள்ளிக்கிழமைப் பிற்பகல். மேசைக்கு ஒரு பக்கம் தாரணி, என் மூன்றாம் ஆண்டு உணவியல் மாணவி. எதிரே மணியம். ஐம்பதைத் தாண்டியவர், முன்பு லோரி ஓட்டியவர், நான்கு மாதத்துக்கு முன் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டவர். பக்கத்தில் அவர் மனைவி அஞ்சலை. மூலையில் மதிப்பெண் தாளோடு நான்.

கோழி கத்தியபோது மணியம் சிரித்துக்கொண்டிருந்தார். தாரணியின் கையிலிருந்த பேனா மூடியே திறக்கப்படவில்லை.

"கொதிக்கக் கொதிக்கவா அங்கிள்? நாக்கு வெந்துடாதா?"

"எங்கம்மாவுக்கு நாக்கு கல்லு மா."

"டைம்," என்றேன் நான்.

என் தாளில் எட்டுக் கட்டங்கள். நான்கில்தான் டிக் விழுந்திருந்தது. மற்ற நான்கும் காலி. நோயாளியும் மனைவியும் மருந்து வாங்கக் கிளம்பிப் போனார்கள். தாரணியை வெளியே போகச் சொல்லிவிட்டு, தாளின் அடியில் 'தேறவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அந்தக் கையெழுத்தை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

சமையல் வகுப்பா?

இந்தத் தொடரைப் படிக்கும் வாசகி ஒருவர், "உணவியல் ஆசிரியை என்கிறீர்களே, அது சமையல் வகுப்பா?" என்று கேட்டு எழுதியிருந்தார். முதலில் சுள்ளென்று கோபம் வந்தது. ஆற அமர யோசித்தபோது, பாதி சரிதான் என்று பட்டது. சமைப்பதை நான் கற்றுக்கொடுப்பதில்லை. சமைத்த பிறகு அந்தச் சட்டிக்கு என்ன நடக்கிறது என்பதைத்தான் கற்றுக்கொடுக்கிறேன்.

நல்ல உடம்புக்காரருக்குக் காலையில் வைத்த குழம்பு மாலையில் கொஞ்சம் புளித்தால் ஒரு நாள் வயிறு கலக்கும், அவ்வளவுதான். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவருக்கும், சிறுநீரகம் மாற்றிக்கொண்டவருக்கும் கதையே வேறு. மணியம் தினமும் சாப்பிடும் மாத்திரைகளின் வேலையே எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைப்பதுதான். இல்லாவிட்டால் உடம்பு புதுச் சிறுநீரகத்தை அந்நியமென்று விரட்ட ஆரம்பித்துவிடும். வாசலில் காவலாளியைத் தூங்கச் சொல்லிவிட்டுக் குடியிருக்கிற வீடு அது. அங்கே ஒரு கெட்டுப்போன கவளம் போதும்.

அதனால்தான் அந்த எட்டுக் கட்டங்கள். கை கழுவுவது, பச்சையையும் சமைத்ததையும் பிரித்து வைப்பது, நன்றாக வேகவைப்பது, இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியே வைக்காமலிருப்பது, வேகாத முட்டையும் சிப்பியும் தொடாமலிருப்பது என்று ஒவ்வொன்றாகப் போகும். நான் தயாரித்தது. பதினைந்து வருடங்களாக மலாக்காவிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு மாணவரும் என்னிடம் அதை ஒப்பித்திருக்கிறார்கள். எனக்கு அதில் கர்வமும் இருந்தது. இருந்தது என்று இறந்த காலத்தில் எழுத எனக்குச் சிரமமாக இல்லை, இப்போது.

நான் போட்ட வேடங்கள்

மாணவர்களை நேரே நோயாளியிடம் அனுப்ப முடியாது. அதற்கு முன் வகுப்பில் நான் நோயாளியாக நடிப்பேன். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன்.

எல்லாவற்றுக்கும் 'சரி' சொல்கிற நோயாளிதான் என் விருப்பமான வேடம்.

"ஆண்டி, வீட்டில் ஃப்ரிட்ஜ் இருக்கா?"

"இருக்கு மா."

"மிஞ்சின கறியை அதுல வைப்பீங்களா?"

"சரி மா."

அந்த 'சரி'யை வாங்கிக்கொண்டு எழுந்து போகிற மாணவரைத் திருப்பி உட்காரவைப்பேன். ஐஸ்பெட்டி இருக்கிறது, ஆனால் சூடான கறியை உள்ளே வைத்தால் பெட்டி கெட்டுவிடும் என்று அந்த ஆண்டி நம்புகிறாள். கறி ஆறுவதற்காக மத்தியானம் வரைக்கும் அடுப்பு மேலேயே இருக்கிறது. அதை நீ கேட்டாயா? கேட்கவில்லை. அவள் 'சரி' என்றது உன் மனசு நோகாமலிருக்க. நம் ஆட்கள் வெள்ளைக் கோட்டைக் கண்டால் இல்லை என்று சொல்லமாட்டார்கள், அது மரியாதைக் குறைவு.

இப்படியெல்லாம் வக்கணையாகப் பாடம் எடுத்த நான், ஒரு வேடத்தை மட்டும் போட்டதே இல்லை. எனக்கு அந்த வேடம் தெரியாது.

அதற்குக் காரணம் நான் பிறந்த வீடு. அப்பா அரசாங்கக் கந்தோரில், அதாவது ஆபீசில், வேலை பார்த்தவர். யாழ்ப்பாணத்துத் தமிழ் பேசுகிற, பைல் அடுக்குகிற வீடு. எங்களுக்குத் திவசம் என்றால் மரக்கறிச் சாப்பாடு, ஐயர், பதினோரு மணிக்குள் எல்லாம் முடிந்து பாத்திரம் கழுவிக் கவிழ்த்தாகிவிடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், தோட்டத்திலிருந்து வந்த ஒரு பாட்டாளி அம்மாவிடம் நன்றாகச் சாப்பிடவேண்டும் என்பதை எங்கள் வழக்கில் "வடிவாச் சாப்பிட வேணும்" என்று சொல்லி, அவர் பக்கத்திலிருந்தவரிடம் "இந்த மிஸ்ஸி என்னா பாஷை பேசுது?" என்று கேட்டது நினைவிருக்கிறது. நர்ஸைத்தான் இங்கே மிஸ்ஸி என்பார்கள். வெள்ளைக் கோட்டு போட்ட பெண்கள் எல்லோருமே அவர்களுக்கு மிஸ்ஸிதான். பிறகு அவர்கள் பேச்சைக் கற்றுக்கொண்டேன். பேச்சைக் கற்றுக்கொண்டதால் வீட்டையும் கற்றுக்கொண்டுவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

பழைய வடு ஒன்று

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

பல வருடங்களுக்கு முன் ஒரு பஸ் கண்டக்டர். அவருக்குத் தங்கை கொடுத்த சிறுநீரகம். என் கையாலேயே எட்டுக் கட்டங்களையும் டிக் செய்து அனுப்பினேன். மூன்று மாதம் கழித்துக் கடுமையான வயிற்றுப்போக்கோடும் காய்ச்சலோடும் வந்து சேர்ந்தார். ஆள் பிழைத்தார். சிறுநீரகம் பிழைக்கவில்லை. திரும்பவும் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் மிஷினில் ஊசி குத்திக்கொண்டு படுக்கவேண்டியதாயிற்று.

எதைச் சாப்பிட்டார் என்று யாருக்கும் தெரியவில்லை. "வீட்டுச் சாப்பாடுதான் மிஸ்ஸி, நீங்க சொன்ன மாதிரிதான்," என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் பொய் சொல்லவில்லை. அந்தத் தங்கை மட்டும் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு என்னையே பார்த்தாள்.

கதவருகில் தாரணி

வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். நான் பையை மூடிக்கொண்டிருக்கும்போது தாரணி கதவைத் தட்டினாள்.

மலாக்காவை ஒட்டிய பத்து பெரண்டாம் என்ற ஊர்ப் பெண். அம்மா அங்கே ஒரு எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை. வகுப்பில் வாய் ஓயாது. "வாயைக் குறைத்தால் மார்க் கூடும்," என்று நானே பலமுறை சொல்லியிருக்கிறேன்.

"மேடம், ஃபெயில் போட்டுட்டீங்களா?"

"நாலு கட்டம் காலி. வேற என்ன போடச் சொல்கிறாய்?"

"போடுங்க, பரவால்ல. ஆனா நாளைக்கி அங்கிள் வீட்டுல படையல், மேடம்."

"அதற்கு?"

"அவுங்க அம்மா இறந்து ஒரு வருஷம். அங்கிள்தான் மூத்த மகன். அம்மா இலையில அவருதான் மொத வாய் எடுக்கணும். அதுக்கப்புறம்தான் மத்தவங்க கை வைப்பாங்க. அந்த இலைல கேராங் இருக்கும் மேடம். அவுங்க அம்மாவுக்கு உசுரு."

கேராங் என்பது இங்கே கடற்கரையில் கிடைக்கும் ரத்தச் சிப்பி. கொதிநீரில் ஒரு முக்கு முக்கி எடுத்து, உள்ளே ரத்தம் கசியக் கசிய மிளகாய் தொட்டுச் சாப்பிடுவார்கள். முழுக்க வேகவைத்தால் ரப்பர் என்று ஒதுக்கிவிடுவார்கள்.

"அவர்தான் கேராங் தொடமாட்டேன் என்றாரே. என் காதாலேயே கேட்டேன்."

"அவருக்குப் புடிக்காது, அதனால தொடமாட்டாரு. நாளைக்கித் தொடுவாரு லா, மேடம். அது சாப்பாடு இல்ல. அம்மா இலை."

நான் உட்கார்ந்துவிட்டேன்.

அதே அறையில்தான் நானும் இருந்தேன். அவர்கள் பேசியதெல்லாம் என் காதிலும் விழுந்தது. ஜொகூர் பாருவிலிருந்து பெரியக்கா விடியற்காலையில் சிப்பி கொண்டுவருவதும், ஈப்போவிலிருந்து தம்பி வரும்வரை இலையைத் தொடாமல் காத்திருப்பதும் எல்லாமே. தாரணி வளவளவென்று கதை கேட்கிறாள், ஐந்தாம் கட்டத்துக்கு வரமாட்டேன் என்கிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் கேள்வித்தாள் காலையில் என்ன, மத்தியானம் என்ன, மாலையில் என்ன என்று கேட்கும். அந்த மனிதர் அதற்கெல்லாம் உண்மையான பதில்தான் சொல்லிக்கொண்டிருந்தார். படையலை அவர் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. வகுப்பில் நான் போடாத வேடம் இதுதான்.

"இதை அவரிடமே சொல்லியிருக்கலாமே?"

"அந்த எடத்துக்குத்தான் வந்துகிட்டு இருந்தேன் மேடம்." தயங்கினாள். "கோழி கத்திடுச்சு."

மறுபடியும் ஒரு 'சரி'

உடனே போன் செய்தேன். அஞ்சலை எடுத்தார். விஷயத்தைச் சொன்னதும், "எனக்கும் அதே கவலைதான் மிஸ்ஸி, இந்தாங்க அவருகிட்டயே பேசுங்க," என்று கணவரிடம் கொடுத்தார்.

வெளியே ரொம்ப நேரம் இருக்கிற சாப்பாட்டைப் பற்றியும் கேராங்கைப் பற்றியும் சொன்னேன். காய்ச்சல் வந்தால் என்ன ஆகும் என்பதையும் ஒளிக்காமல் சொன்னேன்.

"சரி மிஸ்ஸி," என்றார் மணியம்.

எவ்வளவு பணிவான 'சரி'!

போன் மறுபடி அஞ்சலையிடம் வந்தது. அவர் நடந்துகொண்டே பேசுவது கேட்டது. "நம்பாதீங்க மிஸ்ஸி. அந்த ஜொகூர் அண்ணி மொகத்த பாத்தா இவரு வாயே தொறக்கமாட்டாரு. நான் சொன்னா, மருமக அம்மா படையலயே கொற சொல்றான்னு ஆயிடும். நாளைக்கி மத்தியானம் நீங்களே வந்து சொல்லுங்களேன்."

நோயாளியின் வீட்டு விசேஷத்துக்குள் நுழைவது எந்த வழிகாட்டியிலும் கிடையாது. ஆனால் அந்தத் தங்கையின் பார்வை கண்ணுக்குள் நின்றது. வருகிறேன் என்றேன்.

தஞ்சோங் கிளிங்

சனிக்கிழமை புக்கிட் பெருவாங்கில் என் வீட்டு வாசலுக்குத் தாரணி பைக்கில் வந்து சேர்ந்தாள். என் காரில் தஞ்சோங் கிளிங்கில் இருக்கும் மணியம் வீட்டுக்குப் போனோம். வழியெல்லாம் நான் சொல்ல வேண்டியதை மனத்துக்குள் ஒத்திகை பார்த்தேன். ஆச்சரியமாக, தாரணி வாயைத் திறக்கவில்லை.

கடலோரச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி வரிசை வீடுகள். வாசலில் செருப்புக் குவியல். உள்ளே கால் வைத்ததும் புழுக்கம் முகத்தில் அடித்தது. விளக்கு அணைந்துவிடக் கூடாதென்று காற்றாடியை நிறுத்தி வைத்திருந்தார்கள். மாலை போட்ட படத்தில் அந்த அம்மா, முறைக்கிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாத ஒரு பார்வையோடு இருந்தார். முன்னால் தலைவாழை இலை. சோறு, ஆட்டுக்கறி, பொரித்த மீன், வடை, மிளகாய்ச் சம்பால். நடுவில் ஒரு கிண்ணம் நிறையக் கேராங்.

மணி இரண்டு. பத்து மணிக்கே இலை போட்டாயிற்றாம். ஈப்போத் தம்பி நெடுஞ்சாலை நெரிசலில் மாட்டிக்கொண்டிருக்கிறார்.

என் உடம்பில் இருந்த ஆசிரியை துள்ளி எழுந்துவிட்டாள். பத்திலிருந்து இரண்டு, நான்கு மணி நேரம். கேராங்குக்கோ விடியற்காலை ஐந்திலிருந்து கணக்கு. வணக்கம் சொன்ன கையோடு ஆரம்பித்துவிட்டேன். நுண்ணுயிர்கள் என்றேன், பெருக்கம் என்றேன், வெப்பநிலை என்றேன். பதற்றம் வந்தால் என் தமிழ் மேடையேறிவிடும்.

பெரியக்கா சரோஜா சோபாவிலிருந்து எழுந்தார். நல்ல உயரம், நெற்றி நிறைய விபூதி.

"எங்கம்மா சாப்பாட்டுல கிருமி இருக்குன்னு சொல்றதுக்கா இம்புட்டு தூரம் வந்தீங்க?"

நான் ஓர் அடி பின்னால் நகர்ந்தேன்.

"அக்கா, விடு," என்றார் மணியம். பிறகு என்னைப் பார்த்தார். "மிஸ்ஸி, நீங்க சொல்றது எனக்குப் புரியாம இல்ல. எங்கம்மா என்னைய மிஷின்ல படுத்துக் கெடந்தப்பதான் பாத்தாங்க. நாலு வருஷம், வாரத்துல மூணு நாளு, சாப்பாட்டு டப்பாவ மடியில வெச்சிக்கிட்டு வெளிய குந்தியிருப்பாங்க. நான் நல்லா ஆனத பாக்காமலே போயிட்டாங்க. இன்னிக்கி அவுங்களோட ஒரு வாய். ஒரே ஒரு வாய்தானே?"

இதற்கு எந்தக் கட்டத்தில் டிக் போடுவது? என் கண்ணும் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை.

அப்போது சமையலறை வாசலில் அஞ்சலை வந்து நின்றார், கையில் கரண்டியோடு. அதுவரை அந்த வீட்டில் அவர் குரலையே நான் கேட்கவில்லை.

"அண்ணி. இவரு வயித்துக்குள்ள இருக்கறது என் கிட்னி. என் உடம்புல இருந்து எடுத்துக் குடுத்தது. அதுக்கு எது ஒத்துக்கும் எது ஒத்துக்காதுன்னு எனக்கும் ஒரு பேச்சு இருக்கு. நான் வேணாங்கிறேன்."

மூலையில் உட்கார்ந்திருந்த சரோஜாவின் கணவர் "ஞாயம்தானே லா," என்றார், கூரையைப் பார்த்துக்கொண்டு.

"அப்ப மொத வாய் யாரு எடுக்கறது?" சரோஜாவின் குரல் உடைந்தது. "மூத்தவன் எடுக்காம நாங்க எப்பிடி சாப்புடறது? அம்மாவ பட்டினி போடறதா?"

அந்த நிமிடம் எனக்கு ஒன்று புரிந்தது. அந்தப் பெண் முரண்டு பிடிக்கவில்லை, பயந்துபோயிருக்கிறார்.

வைக்க மறந்தது

தாரணி படத்தின் முன் சம்மணமிட்டு உட்கார்ந்து இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ மிச்சக் கதையைக் கேட்பவள் மாதிரி நிதானமாகக் கேட்டாள்.

"ஆண்டி, ஆத்தா காலைல எந்திரிச்சதும் மொத வாயில என்னா வைப்பாங்க?"

"கோப்பிதான்," என்றார் சரோஜா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "கோப்பி ஓ. பால் ஆகாது. கொதிக்கக் கொதிக்க வேணும். கொஞ்சம் ஆறிப்போனாலும் திருப்பி அனுப்பிடுவாங்க. கோப்பி எறங்காம ஒரு பருக்கை உள்ள போவாது அவுங்களுக்கு."

"இலைல எங்க ஆண்டி கோப்பி?"

சரோஜா இலையைப் பார்த்தார். இடமிருந்து வலமாக ஒருமுறை, வலமிருந்து இடமாக ஒருமுறை. ஆட்டுக்கறி இருந்தது, மீன் இருந்தது, ஜொகூரிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த கேராங் இருந்தது.

"ஐயோ!" கையை வாயில் வைத்துக்கொண்டார். "கோப்பி வெக்கலியே! டேய் மணியம், அம்மாவுக்குக் கோப்பி வெக்காமப் போயிட்டோமே!"

"அதான் மாமி மொகம் காலைலேருந்து சரியில்ல," என்றார் அஞ்சலை. எனக்கு அந்தப் படத்தில் எந்த மாற்றமும் தெரியவில்லை, ஆனால் எல்லோரும் நிமிர்ந்து பார்த்துத் தலையாட்டினார்கள்.

"அப்ப ஆத்தா மொத வாயே கோப்பிதானே?" என்றாள் தாரணி. "அங்கிளும் அதையே எடுக்கட்டுமே. ஈப்போ மாமா கார் வாசலுக்கு வந்தப்புறம் தண்ணிய கொதிக்க வைங்க, அப்பதான் சூடு எறங்காது. கோப்பி ஆறிப்போனா ஆத்தாதான் திருப்பி அனுப்பிடுவாங்களே."

சரோஜா முந்தானையைச் செருகிக்கொண்டு நேரே சமையலறைக்குள் போனார். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. அம்மாவின் எவர்சில்வர் குவளையைத் தேடினார்கள். அது பரண் பெட்டியில் இருந்தது. அஞ்சலை அதைச் சோப்புப் போட்டுக் கழுவி வெந்நீரும் ஊற்றி அலசினார். நான் சொல்லாமலே.

ஈப்போத் தம்பி வந்தபோது மணி மூன்றாகிவிட்டது. அடுப்பில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. கோப்பித்தூள் வாசனை அந்தப் புழுக்கத்தையும் ஊதுபத்தியையும் தள்ளிக்கொண்டு வீடெல்லாம் பரவியது. சரோஜா குவளையை இலையின் தலைமாட்டில் வைத்தார். சூடம் காட்டினார்கள். எல்லோரும் விழுந்து கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன்.

மணியம் குவளையைத் துண்டால் பிடித்து எடுத்தார். ஆவி அவர் முகத்தில் பட்டது. ஊதி ஊதி ஒரு வாய் குடித்தார், கண்ணை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அஞ்சலை பக்கத்தில் போய் நின்றார்.

"நாக்கு வெந்துபோச்சு," என்றார் மணியம் அழுகைக்கு நடுவே. சிரிப்பும் அழுகையுமாக வீடே கலகலத்துவிட்டது.

பிறகு அவருக்கு அப்போதே வடித்த சோறும் அப்போதே பொரித்த மீனும் தனித் தட்டில் வந்தன. மற்றவர்கள் இலையிலிருந்து பகிர்ந்துகொண்டார்கள். கேராங் மற்றவர்களுக்கும் நல்லதில்லை என்று சரோஜாவிடம் தாழ்ந்த குரலில் சொல்லிப் பார்த்தேன்.

"எங்களுக்கெல்லாம் இரும்பு வயிறு மிஸ்ஸி," என்று சொல்லிக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில், கடல் தெரிகிற ஓர் இடத்தில் காரை ஓரங்கட்டினேன். எவ்வளவு பெரிய பாரம் இறங்கியிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

"மேடம், ஓகே வா?" என்றாள் தாரணி.

"ஓகே. பேசிக்கொண்டே இரு," என்றேன். வீடு வரைக்கும் பேசிக்கொண்டே வந்தாள்.

இரும்பு வயிறு

திங்கட்கிழமை காலையில் ஜொகூரிலிருந்து ஒரு போன். எண் அஞ்சலையிடம் வாங்கியதாம்.

"மிஸ்ஸி, நான் சரோஜா பேசறேன். ஞாயித்துக்கெழமையெல்லாம் பாத்ரூம்லயே குடியிருந்தேன் மிஸ்ஸி. எனக்கு, வீட்டுக்காரருக்கு, ஈப்போத் தம்பிக்கு, மூணு பேருக்கும் ஒரே ஆட்டம்." குரல் பாதிதான் வந்தது. "இப்ப பரவால்ல, டாக்டர் மருந்து குடுத்துட்டாரு. தம்பி மணியத்துக்கு ஒன்னும் ஆவலியே?"

"ஒன்றும் இல்லை. காலையில்தான் பேசினேன். பசிக்கிறது என்கிறார்."

அந்தப் பக்கம் நீண்ட மூச்சு ஒன்று கேட்டது. "அம்மா காப்பாத்திட்டாங்க," என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. கோப்பியை நினைவுபடுத்தியவர் யார் என்பதில் எனக்கே நிச்சயம் இல்லை.

புதன்கிழமை மணியத்தின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறது என்று மருத்துவர் சொன்னதும் அஞ்சலை தன் விலாவை ஒருமுறை தடவிக்கொண்டார்.

தாரணியின் தாளைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. நான்கு கட்டங்கள் காலியாக இருந்தது உண்மை. விதிப்படி மறுதேர்வு உண்டு. மணியமும் அஞ்சலையும் தாங்களே உட்காருவதாகச் சொன்னார்கள். எனவே அதே அறை, அதே மேசை. கோழியை எடுத்து வைத்தேன்.

தாரணி கட்டம் ஐந்தைப் பார்த்து நல்ல பிள்ளையாக வாயைத் திறந்தாள். மணியம் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"இரு மா. நீ கேக்கறதுக்கு முந்தி நானே ஒன்னு சொல்லிடறேன். மிஸ்ஸி, நீங்களும் கேட்டுக்குங்க. அடுத்த மாசம் அஞ்சலையோட அப்பாவுக்குத் திதி. அந்த மனுசன் அரைவேக்காட்டு முட்டை ஆளு. மூத்த மாப்பிள்ளைன்னு என்னையத்தான் இலையில குந்த வைப்பாங்க."

எட்டுக் கட்டத்துக்கும் எட்டு 'சரி' மட்டுமே கேட்டுப் பழகிய காது எனக்கு.

தாரணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"சொல்லுங்க அங்கிள். அந்தத் தாத்தா எப்பிடிப்பட்ட ஆளு?"

நான் கோழியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.